கூட வந்தவருக்கு ஒரு சீட்டு

சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கத்திலோ எந்த ஓ.பி. (புறநோயாளிப் பிரிவு) வரிசையைப் பார்த்தாலும், சீட்டு உள்ளவர் ஒருவர், அவருடைய ஃபைலையும் தண்ணீர் பாட்டிலையும் சுமந்து நிற்பவர் இன்னொருவர். டாக்டரின் கேள்விகள் பெரும்பாலும் இரண்டாமவரிடம்தான் போகும். சாப்பிடுறாரா, ராத்திரி தூங்குறாரா, மாத்திரையைத் துப்பிடுறாரா, கோபப்படுறாரா? எல்லாவற்றுக்கும் அவர் பதில் வைத்திருப்பார். தன் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். எழுந்து போகும்போது ஒரு வரி கிடைக்கும்: "உங்க உடம்பையும் பார்த்துக்கங்கம்மா."

அந்த வரி எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது. சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் எங்கே போய்ப் பார்த்துக்கொள்வது, எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது ஒன்றுமே அதில் இல்லை. யோகா செய்யுங்கள், பாட்டு கேளுங்கள், உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள் என்று எழுதும் ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களிலும் இல்லை. என் கணிப்பில் விஷயம் மிகச் சாதாரணமான ஓர் இடத்தில் தொடங்குகிறது. பார்த்துக்கொள்கிறவர் தன் பெயரில், தன் வயதைச் சொல்லி, தனியாக ஓர் ஓ.பி. சீட்டு போட வேண்டும். மகனுடைய சீட்டில் அம்மாவின் படபடப்பை எழுத முடியாது. அதில் மருந்து எழுத முடியாது, ரத்தப் பரிசோதனை எழுத முடியாது, "இரண்டு வாரம் கழித்து வாங்க" என்று தேதி போட முடியாது. சீட்டு இல்லாதவர் அந்த அறையில் தகவல் சொல்ல வந்தவர் மட்டும்தான்.

உடம்பு வழியாக வருவது

"மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தலைவலி, நெஞ்சு படபடப்பு, கை மரத்துப்போவது, பின்கழுத்து இறுக்கம், வயிற்றெரிச்சல் என்று வருவார்கள். தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ தெருமுனை கிளினிக்கில் ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசி போடுவார்கள், சில இடங்களில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். இரண்டு நாள் தெம்பாக இருக்கும். அது ஊசியால் வந்த தெம்பா, ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் படுத்திருந்ததால் வந்த தெம்பா என்று கேட்டால், இரண்டாவதற்குத்தான் என் ஓட்டு.

ஊசியைவிட ஆபத்தானது தூக்க மாத்திரை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அரை மாத்திரை, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கியது என்று அல்பிரசோலம் பல வீடுகளில் புழங்குகிறது. அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத பட்டியலில் உள்ள மருந்து. சில வாரம் தினமும் போட்டாலே உடம்பு பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் பதற்றமும் முன்பைவிட அதிகமாகத் திரும்பும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். பார்த்துக்கொள்கிறவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மாத்திரை மயக்கத்தில் அது விட்டுப்போகும், முதுகில் புண் வரும், அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்த நாள் இன்னும் அரை மாத்திரை. ஏற்கெனவே இந்தச் சுழலில் இருப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. எத்தனை மாதமாக, எவ்வளவு போடுகிறார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால், படிப்படியாகக் குறைக்கும் வழி சொல்வார்கள்.

தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இரவை யாரோடு பங்கு போடுவது என்பது. பத்து முதல் இரண்டு வரை ஒருவர், இரண்டு முதல் ஆறு வரை இன்னொருவர். துண்டு துண்டாக ஏழு மணி நேரம் தூங்குவதைவிடத் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்குவது பலருக்கு மேலாக இருக்கிறது. வாரத்தில் இரண்டு இரவு இப்படிக் கிடைத்தாலே, மீதமிருக்கும் தொந்தரவில் எது களைப்பு, எது மனச்சோர்வு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

சீட்டு போடும் நாள்

வடசென்னைக்காரருக்கு அருகில் உள்ள பெரிய வாசல்கள் இரண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஒன்று. அயனாவரம் பக்கம் உள்ள அரசு மனநலக் காப்பகம் இன்னொன்று. 1794-இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது, ஊர் வாயில் "கீழ்ப்பாக்கம்". அந்தப் பெயரை வைத்துச் சென்னையில் எத்தனை கேலி! அதனாலேயே ஆட்டோக்காரரிடம் அந்த வாசலைச் சொல்லக் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கூச்சமிருந்தால் ஸ்டான்லிக்குப் போகலாம். பொது மருத்துவமனை வாசலில் நுழைகிறவரை யாரும் எந்தப் பிரிவு என்று கேட்பதில்லை. அதுவும் தூரமென்றால் வீட்டுக்கு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, அங்கிருந்து பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். தொண்டு நிறுவனங்களில் நல்லவை பல அடையாறு, கோட்டூர்புரம், அண்ணா நகர் பக்கமே இருக்கின்றன. எண்ணூரிலிருந்து அடையாறு போய் வர ஒரு பகல் போய்விடும் என்பது நகரத்தின் வரைபடத்தைப் போட்டவர்களுக்குத் தெரியாதது இல்லை. மறதி நோய் உள்ள பெரியவரோ மனச்சிதைவு உள்ளவரோ வீட்டில் இருந்தால் மட்டும் அண்ணா நகர்ப் பயணம் வீண்போகாது. 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் அங்கே இருக்கிறது. மனச்சிதைவு உள்ளவரின் குடும்பத்தையும் மறதி நோய் உள்ளவரின் குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசும் பழக்கம் உள்ள இடம்.

அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு காலை வேலை. பத்தரைக்கு மேல் போனால் அவசரத்தில் பார்ப்பார்கள். எட்டு மணிக்கு முன் கவுன்ட்டரில் நின்றால் நல்லது. ஆதார் அட்டை, ஏற்கெனவே போடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் அட்டைகள், பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் ஆகியவை கையில் இருக்கட்டும். கவுன்ட்டரில் "பேஷண்ட் யாரு?" என்று கேட்பார்கள். எல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. "பையனுக்கு ஆட்டிசம் சார்" என்று தொடங்கினால் சீட்டு பையன் பெயருக்குப் போய்விடும். "நான்தான்" என்று சொல்ல வேண்டும். பல வருடமாக இன்னொருவருக்காகவே வரிசையில் நின்றவருக்கு இது எளிதான சொல் இல்லை. வயது என்ன என்று கேட்டால் பழக்கத்தில் பிள்ளையின் வயதைச் சொல்கிறவர்களும் உண்டு.

உள்ளே போனதும் கிடைக்கும் நிமிடங்கள் கொஞ்சம். முந்தைய நாளே ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக்கொண்டு போவது பேச்சைவிட வேலை செய்கிறது. யாரைப் பார்த்துக்கொள்கிறேன், எத்தனை வருடமாக. எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறேன். பசி, எடை எப்படி மாறியது. அழுகை, எரிச்சல், கை ஓங்கிய நாட்கள். செத்துவிடலாம் என்றோ, இருவரும் சேர்ந்து போய்விடலாம் என்றோ நினைத்ததுண்டா. இந்தக் கடைசி வரியை எழுதத்தான் கை வராது. அதைத்தான் டாக்டர் முதலில் படிப்பார். எழுதியதற்காக யாரும் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள், போலீஸுக்குச் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு விரைவாகப் பார்க்க வேண்டும் என்பதை அந்த வரியை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

முதல் நாளே மாத்திரை எழுதாமல் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்க்கச் சொன்னால் அலுத்துக்கொள்ள வேண்டாம். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதினால் அதன் நடத்தையைத் தெரிந்துகொள்வது அவசியம். முதல் வாரத்தில் குமட்டல், லேசான தலைவலி, சிலருக்குப் பதற்றம் கூடுவது என்று பக்க விளைவு முதலில் வரும். பலன் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் தெரியும். பத்தாம் நாள் "இது நமக்கு ஒத்துக்கல" என்று தூக்கிப் போடுகிறவர்கள் சரியாக அந்த இடைவெளியில் விழுகிறவர்கள். நன்றாக ஆனபின் தானாக நிறுத்துவதும் அதே அளவு தவறு. குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், பிறகு மெல்லக் குறைப்பார்கள்.

"பேர் ரெக்கார்டுல ஏறிட்டா நாளைக்குப் பொண்ணுக்கு வரன் பார்க்கும்போது?" என்ற கேள்வி வரும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில், சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. மாமியார் வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. தெருவில் பார்த்தவர் சொல்வதைச் சட்டம் தடுக்காது, உண்மைதான். அதற்குத்தான் ஸ்டான்லி.

அந்த அரை நாள்

இத்தனையும் சொன்னபிறகும் போகாதவர்களே அதிகம். சோம்பலும் இல்லை, வெட்கமும் முழுக் காரணம் இல்லை. வீட்டில் யார் இருப்பார்கள் என்பதற்குப் பதில் இல்லை. காலை ஏழிலிருந்து மதியம் ஒன்று வரை ஓர் ஆள் வேண்டும். இதை ஏற்பாடு செய்யாமல் ஹெல்ப்லைன் எண்ணையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் அடுக்கிக் கொடுப்பது பாதி வேலை.

மாற்று ஆள் ஏற்பாடு முதல் தடவையே தோற்றுப்போவதற்கு ஒரே மாதிரியான கதை உண்டு. நாத்தனாரோ தம்பியோ வருவார். எந்த மாத்திரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. பத்து நிமிடத்தில் போன் வரும். பக்கவாதத்தில் கிடக்கும் அப்பா புது ஆள் கையால் கஞ்சி குடிக்க மறுப்பார். மகள் பஸ் ஸ்டாப்பிலிருந்தே திரும்பி வருவாள். "பார்த்தியா, நீ இல்லாம ஒண்ணும் முடியல" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாராட்டுப் போலக் கேட்கும். உண்மையில் அது அவளை அந்த வீட்டிலேயே பூட்டும் சாவி.

அதனால் ஒப்படைப்பை ஒரே நாளில் செய்யக் கூடாது. முதல் வாரம் ஒரு மணி நேரம், பார்த்துக்கொள்கிறவர் மாடியிலோ பக்கத்துத் தெருவிலோ இருக்கட்டும், ஆனால் கூப்பிட்டால் வரக் கூடாது. அடுத்த வாரம் இரண்டு மணி நேரம், சாப்பாட்டு வேளையைச் சேர்த்து. அதற்கடுத்துத்தான் அரை நாள். புது ஆள் கையால் சாப்பிட மறுப்பது பெரும்பாலும் மூன்றாவது நான்காவது தடவையில் தளர்ந்துவிடும். முதல் தடவையிலேயே முடிவுக்கு வந்துவிட்டால் அது தெரியவே வாய்ப்பில்லை.

கூடவே சுவரில் ஒட்ட ஒரு தாள். காலை மாத்திரை எத்தனை, என்ன நிறம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. விழுங்குவதில் சிரமம் இருந்தால் தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும், தண்ணீரை ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டுமா. டயப்பர் எப்போது மாற்றியது. எது அவரைச் சமாதானப்படுத்தும்: ரேடியோவா, ஜன்னலோரமா, கையைப் பிடித்துக்கொள்வதா. எது வெறி ஏற்றும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவிக்கொத்து கொடுக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108. ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

யாரிடம் கேட்பது? அண்ணன் தம்பிகளிடம் "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்டால் "எப்ப வேணா சொல்லு" என்பார்கள், அத்தோடு சரி. "வர்ற செவ்வாய்க்கிழமை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை அம்மாகூட இருக்கணும்" என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரு பதில் வந்தாக வேண்டும். இல்லை என்றால் அன்றைக்கு ஆள் வைக்கும் செலவை அவர் தரட்டும். அதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையும், படுத்த படுக்கையில் உள்ளவருக்கான நோய்த்தணிப்புச் சேவையும் அதில் உண்டு. பெரியவரின் மாதாந்திர மருந்துக்காக வரிசையில் நிற்கும் காலை ஒன்று மிச்சமானால், அந்தக் காலையைத் தன் சீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பணம் வரும் வழிகளும் இந்த அரை நாளுக்குள் அடங்கும். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. இரண்டுக்கும் மாற்றுத்திறனாளிச் சான்று வேண்டும். 2000 ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: தெருவில் உள்ள நம்பகமான ஓர் அக்காவை மாதம் சில காலைகள் உட்கார வைக்க ஆகும்.

நாற்பது நாளுக்குள்

புதிதாகப் பிள்ளை பெற்றவள் தன்னைப் பராமரிப்பாளர் என்று நினைக்க மாட்டாள். மூன்றாம் நாள் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுவது பெரும்பாலான தாய்மாருக்கு வருவது, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது வேறு. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிரசவமானவர்கள் அங்கே மறுபரிசோதனைக்குப் போகும்போதே சொல்லலாம். தவறவிட்டால் குழந்தையின் தடுப்பூசி நாட்கள் இருக்கின்றன: ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம். குழந்தையைக் கண்டிப்பாக எடுத்துப் போகும் நாட்கள் அவை, மாமியாரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. அங்கே நர்ஸம்மாவிடம் "குழந்தை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வரலை" என்ற ஒரு வாக்கியம் போதும். அனுபவமுள்ளவர் அடுத்த கேள்விகளைத் தானே கேட்பார். தாய்ப்பால் கொடுக்கும்போதும் போடக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் உண்டு, பால் கொடுப்பதால் சிகிச்சை கிடையாது என்று யாராவது சொன்னால் மனநல மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒரு நிலை மட்டும் தடுப்பூசி நாள்வரை காத்திருக்காது. பிரசவமான முதல் வாரங்களில் இரண்டு மூன்று நாள் துளியும் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தை மாறிவிட்டது என்றோ அதற்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்றோ சந்தேகப்பட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்கு. தாயைக் குழந்தையோடு தனியாக விடக் கூடாது. காத்துக் கருப்பு என்று மந்திரிக்கப் போய் இழக்கும் இரண்டு நாட்கள்தான் இதில் மிக மோசமானவை.

வீட்டில் போன் பேச இடம்

அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது. முதலில் மொழி தேர்வு செய்யச் சொல்லும் பதிவுக் குரல் வரும். அதைக் கேட்டுப் பொறுமையிழந்து பலர் வைத்துவிடுகிறார்கள். தாண்டினால் ஆலோசகர் வருவார், தேவையென்றால் மனநல மருத்துவரிடம் மாற்றுவார். "நான் இன்னொருத்தரைப் பார்த்துக்கிறேன், எனக்காகப் பேசணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பேச்சு மறுபடியும் நோயாளியைப் பற்றியே சுற்றும். சாகும் எண்ணம் அழுத்தினால் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது, 044-24640050. 1986 முதல் சென்னையில் இதற்காகவே இயங்குவது.

ஹவுசிங் போர்டு வீட்டில், ஓர் அறையும் அடுப்படியும் உள்ள இடத்தில், எங்கே நின்று பேசுவது? தண்ணீர் பிடிக்கும் வரிசையில் முடியாது. மொட்டை மாடி, ரேஷன் கடைக்குப் போகும் வழி, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் பதினைந்து நிமிடம் ஆகியவை நடைமுறையில் வேலை செய்கின்றன. கணவரின் போனிலிருந்து பேசினால் எண்ணை அழிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குடிக்கும் கணவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் மருந்தை வாங்க வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் என்ற, மதுவோடு சேர்ந்தால் உடம்பைக் கடுமையாகத் தாக்கும் மருந்து இருந்தால், மேலே குடித்ததும் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைப்பதும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், அதற்கு மருத்துவமனைக் கட்டில் தேவை. அவர் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும்வரை மனைவி காத்திருக்கத் தேவையில்லை. அவளுக்கான சீட்டு அவர் நிலையைப் பொறுத்ததில்லை.

பார்த்துக்கொள்ளப்பட்டவர் இறந்துபோனால், பார்த்துக்கொண்டவர்களில் பலர் தங்கள் மருந்தையும் மறுவருகையையும் அன்றோடு விட்டுவிடுகிறார்கள். இனி எதற்கு என்று வீட்டாரும் கேட்பார்கள். மருந்தை அப்படி நிறுத்தக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய அடுத்த வாரத்துக்கு ஒரு தேதி வாங்கி, நடந்ததைச் சொல்லி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டும். சீட்டு பார்த்துக்கொண்டவர் பெயரில்தான் இருக்கிறது, கவுன்ட்டரில் புதிதாக எதுவும் விளக்க வேண்டியதில்லை.